எடை மெஷினில் ஏற முடியாதவருக்கு எடை பார்ப்பது எப்படி?

கேஸ் ஷீட்டில் பெயர், வயது, ஊர் எழுதியதற்கு அடுத்தபடியாக ஒரு சின்னக் கட்டம் இருக்கும். எடை. நடந்து வந்தவர் என்றால் ஓபியில் இருக்கும் மெஷினில் ஏறி இறங்கியதும் அது நிரம்பிவிடும். ஆம்புலன்ஸில் படுத்தபடி வந்தவரின் கட்டத்தில் பெரும்பாலும் 60 என்றோ 70 என்றோ ஒரு முழு எண் இருக்கும். யாரும் எடை போட்டிருக்க மாட்டார்கள். ஆளைப் பார்த்து யாரோ சொன்னது, அவ்வளவுதான்.

அந்த எண் எப்படி வர வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை. நர்ஸிங், ஃபார்மஸி படிக்க ஆரம்பித்திருக்கும் பிள்ளைகளுக்கும், வீட்டில் படுக்கையில் இருக்கும் பெரியவரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் புரிகிற மாதிரி எழுதப் பார்க்கிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தளவு போட்டுவிடக் கூடாது. அது டாக்டரின் வேலை. மருத்துவமனையின் நெறிமுறைப்படி நடக்க வேண்டியது.

கொங்கு நாட்டில் எடை போடாமல் எதுவும் கைமாறாது. ஈரோட்டு மஞ்சள், பெருந்துறைக் கொப்பரை, திருப்பூர் நூல் எல்லாமே தராசில் ஏறி இறங்குகிறவைதான். சங்ககிரி லாரி டிரைவரிடம் வண்டியின் காலி எடையைக் கேட்டால் தூக்கத்திலும் சொல்வார். அவருடைய எடையைக் கேளுங்கள். "இருக்கும்ங்க, ஒரு எழுவது" என்பார்.

எடை தெரியாவிட்டால் என்ன ஆகும்?

நாம் கடையில் வாங்கும் மாத்திரைகளில் பலவும் பெரியவர்களுக்கு ஒரே அளவுதான். ஐம்பது கிலோ ஆளுக்கும் எண்பது கிலோ ஆளுக்கும் அதே மாத்திரை. ஆனால் அவசரச் சிகிச்சைக்கு வந்தால் நிலைமை மாறிவிடுகிறது. அங்கே போடும் ஊசிகளில் பலவற்றுக்கு 'ஒரு கிலோவுக்கு இவ்வளவு' என்றுதான் கணக்கு.

பக்கவாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு ஏற்பட்டு நாலரை மணி நேரத்துக்குள் வந்துவிட்டால், தகுதியான நோயாளிக்கு அந்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம். ஆல்டிபிளேஸ் என்ற மருந்தென்றால் கிலோவுக்கு 0.9 மி.கி., மொத்தத்தில் 90 மி.கி.க்கு மேல் போகக் கூடாது. அதில் பத்தில் ஒரு பங்கை உடனே செலுத்தி, மிச்சத்தை ஒரு மணி நேரத்தில் ஏற்றுவார்கள். உண்மையில் 50 கிலோ இருக்கும் ஒருவரை 70 கிலோ என்று எழுதிவிட்டோம் என்று வையுங்கள். 45 மி.கி. போக வேண்டிய இடத்தில் 63 மி.கி. போகும். இந்த மருந்தின் பெரிய ஆபத்தே மூளைக்குள் ரத்தக்கசிவுதான். கூடுதல் மருந்து அந்த ஆபத்தைக் கூட்டும். குறைவாகப் போனால் கட்டி கரையாமலே போகலாம். ஏற்றிய மருந்தைத் திரும்ப எடுக்கவும் முடியாது.

இந்தத் 'திரும்ப எடுக்க முடியாது' என்பதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி விஷயம் புரிந்துவிடும். எடையைக் கணக்கில் எடுக்கும் எல்லாச் சிகிச்சையும் ஒரே மாதிரி கறாரானது அல்ல. தீக்காயத்துக்கு டிரிப்ஸ் ஏற்றுவதற்கு ஒரு பழைய சூத்திரம் உண்டு: 4 மி.லி. × எடை × வெந்த தோலின் சதவீதம். 60 கிலோ ஆளுக்கு 30 சதவீதத் தீக்காயம் என்றால் 7,200 மி.லி. அதில் பாதி, காயம் பட்ட நேரத்திலிருந்து முதல் 8 மணி நேரத்தில் போக வேண்டும். எடையில் 10 கிலோ பிசகினால் 1,200 மி.லி. பிசகும். பெரிய பிசகுதான். ஆனாலும் மணிக்கு மணி சிறுநீர் எவ்வளவு வருகிறது என்று அளந்து டிரிப்ஸைக் கூட்டவோ குறைக்கவோ வழி இருக்கிறது. சூத்திரம் தருவது தொடக்கப் புள்ளி மட்டுமே. கட்டி கரைக்கும் ஊசிக்கு அந்த வசதி இல்லை.

எடையே தேவைப்படாத இடமும் உண்டு. கரும்புக் காட்டிலும் மஞ்சள் காட்டிலும் பாம்பு கடித்து வருகிறவர்கள் நம் பக்கம் அதிகம். பாம்பு விஷமுறிவு மருந்துக்கு நோயாளியின் எடை கணக்கில்லை. பாம்பு ஆளைப் பார்த்து அளந்து விஷத்தை விடுவதில்லை. உள்ளே போன விஷத்தை முறிக்கத்தான் மருந்து. அதனால் ஆறு வயதுப் பெண் குழந்தைக்கும் அவளுடைய அப்பாருக்கும் விஷமுறிவு அளவு ஒன்றே. 'குழந்தைக்கு ஏன் இத்தனை பாட்டில்?' என்று வீட்டார் பதறுவது இயல்புதான், காரணம் இது.

கண்ணால் பார்த்துச் சொல்வது ஏன் சரிவராது?

'பத்து வருஷமா வார்டுல இருக்கேன், பார்த்தாலே சொல்லிடுவேன்' என்று நினைப்பவர்கள் எல்லா மருத்துவமனையிலும் இருக்கிறார்கள். பல நாடுகளில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். டாக்டரும் நர்ஸும் கண்ணால் பார்த்துச் சொல்லும் எடை பெரும் பகுதி நோயாளிகளிடம் பத்து சதவீதத்துக்கு மேல் தவறிப் போகிறது. தவறும் விதத்திலும் ஒரு ஒழுங்கு உண்டு: ஒல்லியானவருக்குக் கூட்டிச் சொல்வோம், குண்டானவருக்குக் குறைத்துச் சொல்வோம். மனசு எல்லோரையும் சராசரிக்கு இழுக்கிறது. மருந்துக் கணக்கில் அதிகம் அடிபடுகிறவர்களும் இந்த இரண்டு ஓரத்தில் இருப்பவர்கள்தான்.

இங்கே ஒரு கேள்வி வரும். புளியம்பட்டிச் சந்தையில் ஆட்டு வியாபாரி முதுகைப் பிடித்துப் பார்த்து, பின்னங்காலைத் தூக்கிப் பார்த்து, 'கறி பதினொண்ணு நிக்கும்' என்கிறார். பெரும்பாலும் நிற்கிறது. அவரால் முடிவது ஏன் நம்மால் முடியவில்லை? அவர் சொன்ன ஆடு அன்றைக்கோ மறுநாளோ தராசில் ஏறிவிடும். தப்பாகச் சொன்னால் அவர் காசு போகும். ஒவ்வொரு ஊகத்துக்கும் விடை தெரிந்துகொண்டே வருவதால் கை பழகிவிடுகிறது. வார்டில் நாம் '65' என்று எழுதியவர் எழுந்து நடந்து, எடை பார்த்து, அது 53 என்று நமக்கே திரும்ப வந்து சேர்வது அபூர்வம். பத்து வருஷ அனுபவம் இருந்தும் ஒருமுறைகூட விடைத்தாளைப் பார்த்ததில்லை. அப்புறம் எப்படிக் கண் பழகும்?

கால்நடை டாக்டர்கள் கண்ணை நம்புவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காங்கேயம் காளையைத் தூக்கி மெஷினில் நிறுத்த முடியாது. மார்புச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, உடல் நீளத்தாலும் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோவில் உத்தேச எடை வந்துவிடும். சுற்றளவு 70, நீளம் 58 என்றால் சுமார் 430 கிலோ. மாட்டுக்கு டேப் எடுக்கிறோம், மனிதருக்குக் கண்ணால் பார்த்து எழுதுகிறோம் என்பது எனக்குக் கொஞ்சம் உறுத்தலான விஷயம்தான்.

முதலில் கேளுங்கள்

சரி, என்ன செய்யலாம்? நோயாளிக்கு நினைவு இருந்தால் அவரையே கேட்பதுதான் முதல் வேலை. ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லும் முடிவு இது: நோயாளி தானே சொல்லும் எடை, டாக்டர் ஊகத்தையும் நர்ஸ் ஊகத்தையும்விட உண்மைக்கு மிகவும் நெருக்கமானது. அடுத்த இடம் கூட இருக்கும் குடும்பத்தாருக்கு.

ஆனால் கேட்கும் விதம் இருக்கிறது. "ஏனுங்க, ஐயனுக்கு எடை எத்தனைங்க?" என்று மொட்டையாகக் கேட்டால், "அதையெல்லாம் ஆரு பாத்தாங்க, ஒரு அறுவது இருப்பாருங்க" என்றுதான் மகன் சொல்வார். அந்த அறுபதும் ஊகம்தான், ஆள் மட்டும் மாறியிருக்கிறார். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "கடைசியா எப்பங்க எடை பாத்தீங்க? எந்த ஆஸ்பத்திரில? அதுக்கப்பறம் இளைச்சாரா? சட்டை லூசாச்சுங்களா?" பெண்கள் என்றால் ஜாக்கெட்டைப் பிடித்துத் தைத்தார்களா, பிரித்துவிட்டார்களா என்ற ஒரு கேள்வி பல செய்தியைச் சொல்லிவிடும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர், காசநோய், புற்றுநோய் உள்ளவர் ஆகியோருக்குப் போன வருஷ எடை இந்த வருஷம் செல்லாது.

காகிதத்தில் எங்காவது எடை ஒளிந்திருக்கும். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் சீட்டு, அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க டாக்டர் எழுதிய தாள் எல்லாவற்றிலும் தேடலாம். கர்ப்பிணி என்றால் ஒவ்வொரு செக்கப்பிலும் எடை எழுதிய அட்டை கையோடு வரும். ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தை என்றால் அங்கன்வாடியில் எடை பார்த்த பதிவு இருக்கும். டயாலிசிஸ் செய்துகொள்பவர் என்றால் அதிர்ஷ்டம்தான்: ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் எடை பார்த்து நோட்டில் குறித்திருப்பார்கள். அண்மையில் ரத்த தானம் செய்தவரா என்றுகூடக் கேட்கலாம். 45 கிலோவுக்குக் குறைந்தவரிடம் ரத்தம் எடுக்க மாட்டார்கள். 'இதற்குக் கீழே இல்லை' என்ற ஒரு தரையாவது கிடைக்கும்.

கேட்க ஆள் இல்லையென்றால் டேப்

ரோட்டோரம் அடிபட்டுக் கிடந்தவர், பேச்சு வராதவர், தோட்டத்துச் சாளையில் தனியாக இருந்து மயங்கி விழுந்த பெரியவர். இவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. இங்கேதான் தையல் டேப் உதவுகிறது. முக்கியமான அளவு மேல்கைச் சுற்றளவு.

எடுக்கும் முறை எளிது. முழங்கையை மடக்கி, தோள்பட்டை எலும்பின் நுனியிலிருந்து முழங்கை நுனி வரை அளந்து, சரிபாதியில் பேனாவால் ஒரு புள்ளி. பிறகு கையை நீட்டித் தளர்வாக வைத்து, அந்தப் புள்ளியில் டேப்பைச் சுற்ற வேண்டும். சதை அமுங்கக் கூடாது, டேப் தொங்கவும் கூடாது. டிரிப்ஸ் ஏறி வீங்கிய கை, பல நாளாகச் செயலிழந்து சூம்பிய கை, டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய் இணைத்த கை ஆகியவற்றில் அளக்க வேண்டாம்.

பெரியவர்களுக்கு இதை வைத்து ஒரு எளிய சூத்திரம் இருக்கிறது: சுற்றளவை செ.மீ.யில் எடுத்து நாலால் பெருக்கி, 50ஐக் கழிக்க வேண்டும். 27 செ.மீ. என்றால் 108 கழித்தல் 50, அதாவது 58 கிலோ. மனக்கணக்கிலேயே போடலாம் என்பது இதன் பெரிய பலம். உயரத்தைப் பார்ப்பதே இல்லை என்பது பலவீனம். ஒரே கைச் சுற்றளவு உள்ள குட்டையானவருக்கும் நெட்டையானவருக்கும் ஒரே விடை வரும்.

உயரத்தையும் சேர்த்தால் கொஞ்சம் மேம்படும். படுத்திருப்பவரின் உயரத்தைத் தலையிலிருந்து குதிகால் வரை கட்டிலோடு அளக்கலாம். முதுகு வளைந்த பெரியவர்களுக்கு அது சரிவராது. அவர்களுக்கு முழங்கால் உயரம் எடுப்பார்கள்: முழங்காலையும் கணுக்காலையும் செங்கோணத்தில் மடக்கி, குதிகால் அடியிலிருந்து தொடையின் மேற்பரப்பு வரை. ஆண் என்றால் 64.19உடன் முழங்கால் உயரத்தின் 2.02 மடங்கைக் கூட்டி, வயதின் 0.04 மடங்கைக் கழிக்க வேண்டும். பெண்ணுக்கு 84.88 + (1.83 × முழங்கால் உயரம்) − (0.24 × வயது). எழுபது வயதில் முதுகெலும்பு குறுகும், கால் எலும்பு குறுகாது. அதனால்தான் காலை நம்புகிறோம்.

ஒரு ஆளை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கற்பனை ஆள்தான். காங்கேயம் பக்கத்து விவசாயி, வயது 70, பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது. முழங்கால் உயரம் 51 செ.மீ. சூத்திரத்தில் போட்டால் உயரம் சுமார் 164 செ.மீ. மேல்கைச் சுற்றளவு 27, இடுப்பு 84, புட்டத்தின் சுற்றளவு 90.

கை மட்டும் வைத்த சூத்திரம்: 58 கிலோ.

கையையும் உயரத்தையும் சேர்த்து அமெரிக்காவில் உருவாக்கிய சூத்திரம் ஆண்களுக்கு இப்படி: (3.29 × கைச் சுற்றளவு) + (0.43 × உயரம்) − 93.2. விடை 66 கிலோ.

உயரம், இடுப்பு, புட்டம் மூன்றையும் எடுத்து, பேச முடியாத பக்கவாத நோயாளிகளுக்காகவே ஜெர்மனியில் உருவாக்கி 2007இல் வெளியான சூத்திரம்: (0.6 × உயரம்) + (0.785 × இடுப்பு) + (0.392 × புட்டம்) − 137.4. விடை 62 கிலோ. பெண்களுக்கு இதே சூத்திரத்தில் எண்கள் வேறு.

ஆக ஒரே ஆளுக்கு 58, 62, 66. புதிதாகப் படிப்பவர்கள் இங்கே தடுமாறிப் போவார்கள், 'எதுதான் சரி?' என்று. சூத்திரம் எதுவாக இருந்தாலும் அது எந்த ஊர் மக்களை அளந்து உருவானதோ அந்த ஊர் உடம்பைச் சுமந்துகொண்டுதான் வரும். நம்மவர்களுக்குப் பொதுவாக அதே உயரத்துக்குத் தசை குறைவு, வயிற்றில் கொழுப்பு அதிகம். அதனால் இடுப்பளவை நம்பும் சூத்திரம் ஒரு பக்கமும், கையளவை நம்பும் சூத்திரம் இன்னொரு பக்கமும் இழுக்கலாம். ஆனால் மூன்று விடையும் ஒரு எல்லைக்குள்தான் நிற்கின்றன என்பதைப் பாருங்கள். 58க்கும் 66க்கும் இடையே என்று தெரிந்துவிட்டது. கண்ணால் பார்த்து '75' என்று எழுத நினைத்த கையை இது தடுத்துவிடும். அதற்குள் மகன் வந்து, "போன தைல சர்க்கரை செக்கப்புக்குப் போனப்ப அறுவத்தொண்ணு இருந்துச்சுங்க" என்றால் அதையே எழுதலாம். கணக்கும் சாட்சியும் ஒத்துப்போகின்றன.

பக்கவாதத்தில் ஒவ்வொரு நிமிஷமும் மூளை செல்கள் லட்சக்கணக்கில் அழிகின்றன. டேப்பை எடுத்து இத்தனை அளவு எடுத்துக்கொண்டு நிற்க முடியுமா என்று கேட்கலாம். சி.டி. ஸ்கேனுக்குக் கொண்டுபோகும் இடைவெளியில் ஒருவர் கையளவும் உயரமும் எடுத்துவிடலாம். தனியாக நேரம் ஒதுக்கத் தேவையில்லை. அதைவிட நல்ல வழி, ஸ்ட்ரெச்சரோடு எடை போடும் தளம். நோயாளியோடு தள்ளிக்கொண்டு போய் நிறுத்தி, முன்பே தெரிந்த ஸ்ட்ரெச்சர் எடையைக் கழித்துவிடலாம். லாரிக்கு எடை மேடையில் செய்கிற அதே கழித்தல்தான். ஐசியூ கட்டில்களில் எடை காட்டும் வசதி இருப்பதும் உண்டு. கட்டில் எடையில் அடிக்கடி நடக்கும் கோளாறு ஒன்று உண்டு: நோயாளியை ஏற்றுவதற்கு முன் மெத்தை, தலையணையோடு பூஜ்யம் வைக்க மறந்துவிடுவது. மறுநாள் ஒருவர் இரண்டு கம்பளி போர்த்தி, சிறுநீர்ப் பையைக் கம்பியில் மாட்டி, மருந்து ஏற்றும் பம்ப்பையும் கட்டிலிலேயே வைத்துவிட்டால், நோயாளி ஒரே ராத்திரியில் நாலு கிலோ ஏறிவிட்டதாக மெஷின் சொல்லும்.

குழந்தைகள்

குழந்தைகளுக்கு ஏறக்குறைய எல்லா மருந்தும் எடைக் கணக்குதான். காய்ச்சல் பாரசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. இதயம் நின்ற குழந்தைக்குச் செலுத்தும் அட்ரினலின் கிலோவுக்கு 0.01 மி.கி. தசமப்புள்ளி ஒரு இடம் நகர்ந்தாலே போச்சு.

கைக்குழந்தைக்குச் சூத்திரமே வேண்டாம். அம்மாவைக் குழந்தையோடு மெஷினில் நிறுத்தி, பிறகு அம்மாவை மட்டும் நிறுத்திக் கழித்தால் ஆயிற்று. சிறு மாற்றத்தைப் பார்க்க இது போதாது, அவசரத்துக்குப் போதும். அதற்கும் வழியில்லாதபோது வயதுக் கணக்கு. இந்தியாவில் குழந்தை மருத்துவம் படிப்பவர்கள் மனப்பாடம் செய்வது: 1 முதல் 6 வயது வரை வயதின் இரண்டு மடங்குடன் 8 கூட்டுவது, 7 முதல் 12 வரை வயதை 7ஆல் பெருக்கி 5 கழித்து இரண்டால் வகுப்பது. நாலு வயதுக்கு 16 கிலோ, எட்டு வயதுக்கு 25.5 கிலோ.

இதே எட்டு வயதுக்கு பிரிட்டனில் பயன்பட்ட பழைய சூத்திரம் 24 கிலோ என்றது. அங்கே குழந்தைகள் குண்டாகிவிட்டதால் சூத்திரத்தையே மாற்றினார்கள். புதியது 31 கிலோ என்கிறது. அந்த 31ஐ எடுத்து, பர்கூர் மலையிலிருந்து அந்தியூருக்கு இறங்கி வந்த ஒல்லிப் பையனுக்குப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கோவை ஆர்.எஸ்.புரத்தில் டியூஷனுக்கும் பானிபூரிக் கடைக்கும் போய்வரும் இன்னொரு எட்டு வயதுப் பையனுக்கு அது சரியாகவே இருக்கலாம். வயது ஒன்றை மட்டும் பார்க்கும் எந்தச் சூத்திரத்துக்கும் இந்த இரண்டு பேரையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

நீளத்தை வைத்துக் கணிக்கும் வண்ணப் பட்டை ஒன்று உலகெங்கும் பயன்படுகிறது. புரோஸ்லோ டேப் என்பார்கள். குழந்தையைப் படுக்கவைத்து, தலையிலிருந்து குதிகால் வரை பட்டையை விரித்தால், குதிகால் எந்த நிறத்தில் முடிகிறதோ அங்கேயே எடையும் மருந்தளவும் அச்சிட்டிருக்கும். பதற்றத்தில் கணக்குப் போடவே வேண்டாம் என்பது அருமையான விஷயம். ஆனால் இந்தியக் குழந்தைகளிடம் சோதித்தபோது, 10 கிலோவுக்கு மேற்பட்டவர்களில் இது பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டிக் காட்டியது. அமெரிக்கக் குழந்தையின் நீளத்தில் இருக்கும் சதை நம் குழந்தையிடம் இல்லை. அதனால் பின்னால் வந்த முறைகள் நீளத்தோடு உடல்வாகையும் சேர்த்துக்கொண்டன. தென்னாப்பிரிக்காவில் உருவான ஒரு பட்டையில் நீளத்தை அளந்தபின், குழந்தை ஒல்லியா, நடுத்தரமா, பருமனா என்று பார்த்து எடையை எடுக்க வேண்டும். அமெரிக்காவில் கன்சாஸ் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் உருவானது மெர்சி முறை: மேல்கை எலும்பின் நீளத்துக்கு ஒரு எண், மேல்கைச் சுற்றளவுக்கு ஒரு எண், இரண்டையும் கூட்டினால் எடை. இதை இந்தியக் குழந்தைகளிடமும் சோதித்திருக்கிறார்கள். வயதுக் கணக்கைவிட இவை எனக்கு நம்பிக்கையானவை.

எந்த எடை?

இதுவரை 'உண்மையான எடை' ஒன்று இருக்கிறது, அதை எப்படியாவது நெருங்க வேண்டும் என்று பேசினோம். சில இடங்களில் உண்மையான எடையே தேவையில்லாத எண்.

வென்டிலேட்டரில் ஒரு மூச்சுக்கு எவ்வளவு காற்று தள்ளுவது என்பதற்கு நோயாளியின் எடையைப் பார்க்கக் கூடாது. உயரத்தைத்தான் பார்க்க வேண்டும். ஒருவர் 60 கிலோவிலிருந்து 95 கிலோவுக்குப் பருத்தாலும் அவர் நுரையீரல் பெரிதாவதில்லை. அதனால் உயரத்திலிருந்து ஒரு எடையை வருவிக்கிறார்கள். ஆணுக்கு 50 + 0.91 × (உயரம் − 152.4). பெண்ணுக்கு 50க்குப் பதில் 45.5. நம் 164 செ.மீ. பெரியவருக்கு இது சுமார் 60.6 கிலோ. நுரையீரல் பழுதான நோயாளிக்குக் கிலோவுக்கு 6 மி.லி. என்றால் ஒரு மூச்சுக்கு 363 மி.லி. அவர் 95 கிலோ இருந்தாலும் இதே 363தான். எடையைப் பார்த்து 570 தள்ளினால் நுரையீரல் மேலும் காயப்படலாம். ஐசியூவில் உயரம் எழுதாத கேஸ் ஷீட், எடை எழுதாததைப் போலவே குறையுள்ளது.

வயிற்றில் நீர் கோத்தவர், கால் வீங்கியவர், டயாலிசிஸ் தள்ளிப்போனவர் ஆகியோர் மெஷினில் ஏறினாலும் காட்டும் எண்ணில் தண்ணீர் கலந்திருக்கும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. கல்லீரல் கெட்டு வயிறு நன்றாக உப்பியவரிடம் பத்து கிலோவுக்கு மேல்கூட நீர் மட்டுமே இருக்கலாம். இப்படிப்பட்டவர்களுக்கு 'உலர் எடை' என்று ஒன்றைத் தனியாகக் குறிப்பார்கள். நேர்மாறாக, சர்க்கரைப் புண்ணால் காலை இழந்தவருக்கு உயரத்தை வைத்துப் போட்ட கணக்கிலிருந்து கழிக்க வேண்டும். முழுக் காலும் போயிருந்தால் உடல் எடையில் சுமார் 16 சதவீதம், முழங்காலுக்குக் கீழே மட்டும் என்றால் சுமார் 6 சதவீதம். மாவுக்கட்டு போட்டவரை எடை பார்த்தால் கட்டின் எடையையும் மறக்கக் கூடாது.

மிகவும் பருமனானவர்களுக்கு ஒவ்வொரு மருந்துக்கும் ஒவ்வொரு எடை. கொழுப்பில் கரையும் மருந்து, நீரில் கரையும் மருந்து என்று அது தனிப் பாடம். இங்கே அதைத் தொடவில்லை.

எழுதும்போது

கிடைத்த எண்ணைக் கட்டத்தில் எழுதும்போது பக்கத்திலேயே அது எப்படி வந்தது என்று இரண்டு சொல் எழுதுவது நல்லது. '61, மகன் சொன்னது', '62, டேப்', '60, பார்வை ஊகம்'. வெறும் '60' என்று எழுதினால், அடுத்த ஷிஃப்ட்டில் வருகிறவர் அதை எடை போட்ட எண் என்றே எடுத்துக்கொள்வார். அங்கிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும், மருந்தகத்துக்குப் போகும், டிஸ்சார்ஜ் சம்மரிக்கும் போகும். அடுத்த வருஷம் அந்த சம்மரியைப் பார்த்து வேறொரு மருத்துவமனை அதையே 'பதிவான எடை' என்று எழுதும். ஒருவர் கண்ணால் சொன்ன எண் இப்படித்தான் உண்மையாகிவிடுகிறது.

அவசரம் தணிந்ததும், முடிந்தால் முதல் நாளுக்குள், ஒருமுறை நிஜமாக எடை போட்டுவிட வேண்டும். சக்கர நாற்காலியோடு போட்டுக் கழித்தாலும் சரி, தூக்கித் தொங்கவிடும் மெஷினில் போட்டாலும் சரி. 62 என்று நினைத்தவர் 54 என்று வந்தால், ஏற்கெனவே போட்ட ஊசியை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் தினமும் தொடர்கிற மருந்துகள் இருக்கின்றனவே. ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் எனாக்ஸபாரின், சிகிச்சை அளவில் கிலோவுக்கு 1 மி.கி. வீதம் நாளைக்கு இரண்டு வேளை. ஜென்டாமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்கும் எடைக் கணக்குதான். கூடினால் சிறுநீரகத்தையும் காதையும் பதம் பார்க்கும். இவற்றை அன்றைக்கே மறுபடி கணக்குப் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் காட்ட வேண்டும். டியூப் வழியாகக் கொடுக்கும் உணவின் அளவையும் டயட்டீஷியன் மாற்றுவார். வென்டிலேட்டர் எண்ணை மட்டும் தொட வேண்டியதில்லை, அது உயரத்தில் போட்டது.